வசந்த காலத்தில் விறகடுப்பு: விறகைக் குறை, காற்றைக் குறைக்காதே

நோர்வேயில் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை வீட்டைச் சூடாக்குவது ஒரு தலையிடி. ஒஸ்லோவில் விடியற்காலை பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். மதியம் வெயில் ஏறினால் 10, 12 பாகை. வடகோடியில் ஃபின்மார்க் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த நிலை வர இன்னும் சில வாரம் பிந்தும். ஜனவரியில் அடுக்கிய அதே அளவு விறகை இப்போதும் அடுக்கி மூட்டினால், கொஞ்ச நேரத்தில் அறைக்குள் இருக்க முடியாது. உடனே காற்றுத் திறப்பை இழுத்து மூடி, கட்டைகளை மெல்லப் புகையவிடுவார்கள். வசந்த காலத்தில் அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் வருகிற கேட்டில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. காற்றை அடைத்தால் அவை எரியாமல் அப்படியே புகையாக மேலே போகும். புகைபோக்கியின் உட்சுவர் 100 பாகைக்குக் கீழே இருந்தால் புகையிலுள்ள நீராவியும் தாரும் அங்கேயே படிந்து, காலப்போக்கில் கண்ணாடிபோல் பளபளக்கும் கரும்பிசினாக இறுகிவிடும். பிறகொரு நாள் பெரிய தீ மூட்டும்போது அந்தப் பிசின் பற்றிக்கொண்டால் அதுதான் புகைபோக்கித் தீ. உள்ளே வெப்பம் 1000 பாகையைத் தொடும்.

ஆகவே சூடு அதிகம் என்றால் விறகைக் குறையுங்கள், காற்றில் கை வைக்காதீர்கள். சின்னதாக, நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் தணலாகிவிடும் தீயே இந்தக் காலத்துக்குப் போதும்.

எவ்வளவு விறகு?

நன்றாகக் காய்ந்த விறகு, எந்த மரமானாலும், கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். வசந்த காலத்து ஒரு மூட்டுக்கு 600 கிராம் அளவில் இரண்டு கட்டைகளும், சுள்ளி அரைக் கிலோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.7 கிலோ, ஏறக்குறைய 7 கிலோவாட் மணி. 1998க்குப் பின் வந்த புதுவகை அடுப்பு அதில் முக்கால் பங்கை, அதாவது 5 கிலோவாட் மணியை, அறைக்குத் தரும். ஓரளவு காப்பிட்ட வீட்டில் காலைக் குளிரை முறிக்க அது தாராளம். பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் கிடைப்பது குறைவு. அதற்காகக் கட்டைகளைக் கூட்ட வேண்டாம். தேவைப்பட்டால் பிறகு இன்னொரு தடவை மூட்டலாம்.

கடையில் 40 அல்லது 60 லீற்றர் சாக்குகளில் வரும் விறகில் ‘பியொர்க்’ என்று எழுதியிருந்தால் பேர்ச், ‘கிரான்’ என்றால் ஸ்ப்ரூஸ், ‘ஃபூரு’ என்றால் பைன். கடுங்குளிருக்குப் பேர்ச்தான் சரி: அடர்த்தியானது, தணல் நீண்ட நேரம் நிற்கும். ஏப்ரலுக்கு அந்தத் தணலே தொந்தரவு. ஸ்ப்ரூஸ் எடை குறைவு, சட்டென்று பற்றும், சீக்கிரம் முடியும். பேர்ச்சுக்குத் தம்பி என்று பலர் ஒதுக்கும் இந்த விறகு வசந்த காலத்துக்குத்தான் பொருத்தம். வெடித்துப் பொறி பறக்கும்; கதவு மூடிய அடுப்பில் அது பிரச்சினையல்ல.

முதலில் இழுவையைப் பாருங்கள்

புகைபோக்கி புகையை இழுப்பது உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதால். மைனஸ் 15இல் அந்த வித்தியாசம் தானாகவே பெரிது. வெளியே 10 பாகை இருக்கும் பிற்பகலில் வித்தியாசம் மிகச் சிறிது. போதாததற்கு, இரவுக் குளிர்காற்று புகைபோக்கிக்குள் அடைப்பாகத் தங்கியிருக்கும். மூட்டியவுடன் புகை அறைக்குள் திரும்புவது அதனால்தான்.

சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்றுத் திறப்பு முழுவதையும் திறந்து, அடுப்புக் கதவை இரண்டு விரல் அகலம் திறந்து, பத்தியை அந்த இடைவெளியில் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து போனால் மூட்டலாம். நேரே எழும்பினாலோ உங்கள் பக்கம் வந்தாலோ மூட்டாதீர்கள். முதலில் சமையலறைப் புகை உறிஞ்சியையும் குளியலறை விசிறியையும் நிறுத்துங்கள். காற்றுப் புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் புகை உறிஞ்சி ஒன்றே புகைபோக்கியின் இழுவையைத் தலைகீழாக்கப் போதும். அடுப்புக்கு அருகிலுள்ள யன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். அப்படியும் இழுக்காவிட்டால் அரைத் தாள் செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி, அடுப்புக்குள் எட்டும் வரை மேலே, புகை வெளியேறும் வாயருகே வைத்துக் கொளுத்துங்கள். அந்த ஒரு நிமிடச் சூடு அடைப்பைத் தள்ளிவிடும். இரண்டு தரம் முயன்றும் பத்திப் புகை திரும்பி வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வெளியே 8, 10 பாகை உள்ள நாளில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் மின்கருவி) ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று யூனிற்றுக்கு மேல் வெப்பம் தரும். அடுப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

மூட்டும் முறை

மேலிருந்து கீழே எரியவிடும் முறையை நோர்வேயின் தீயணைப்புத் துறையினரே பரிந்துரைக்கிறார்கள். அடியில் சுள்ளி, மேலே கட்டை என்று பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் அடியில் மூட்டினால் மேலே உள்ள கட்டை முழுவதும் ஒரே நேரத்தில் புகை கக்கும். அதை எரிக்கச் சுவாலை இருக்காது. மேலே மூட்டினால் கீழிருந்து வரும் வாயு தீயைக் கடந்துதான் போக வேண்டும். புகைபோக்கியும் முதல் நிமிடத்திலேயே சூடாகும்.

1. இரண்டு கட்டைகளையும் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கீழே படுக்க வையுங்கள். ஒற்றைக் கட்டை வேண்டாம். எதிரெதிர் முகங்கள் ஒன்றையொன்று சூடாக்கினால்தான் தீ நிலைக்கும்; தனிக் கட்டை கரிந்து அணைந்துவிடும்.
2. அதன்மேல் பெருவிரல் மொத்தத்தில் ஆறு முதல் எட்டுச் சுள்ளி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று அடுக்கு.
3. உச்சியில் பேர்ச் பட்டை ஒரு துண்டு அல்லது கடையில் விற்கும் ஒரு மூட்டுக்கட்டி. பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரமானாலும் பற்றும்.
4. எல்லாக் காற்றுத் திறப்புகளையும் முழுக்கத் திறந்து கொளுத்துங்கள். கதவைச் சற்று ஒருக்களித்து இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டு மூடுங்கள். அதுவரை அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள்.
5. கட்டைகள் இரண்டும் பற்றியதும், ஏறக்குறைய 15 நிமிடத்தில், கீழ்க் காற்றை மூடலாம். கண்ணாடிக்கு மேலாக வரும் காற்று கடைசிவரை திறந்தே இருக்கட்டும்.

சரியாக எரிகிறதா என்பதை மூன்று இடத்தில் பார்க்கலாம். சுவாலை மஞ்சளாக, துடிப்பாக இருக்க வேண்டும். மங்கிய செம்மஞ்சளாகச் சோம்பி ஆடினால் காற்றுப் போதவில்லை. உட்புறத் தட்டுகள் கரி எரிந்து வெளிறி வர வேண்டும். வெளியே போய் அண்ணாந்து பாருங்கள்: கால் மணி நேரத்துக்குப் பிறகும் சாம்பல் நிறப் புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுக் குறைவு. கண்ணாடி கறுப்பதும் அதே சேதியைத்தான் சொல்கிறது. அதைத் துடைக்க ஈரச் செய்தித்தாளில் கொஞ்சம் சாம்பல் தொட்டுத் தேய்த்தால் போதும்.

கண்ணில் தணல் கொஞ்சமாவது தெரிந்தால் காற்றை முற்றாக அடைக்காதீர்கள். தணலில் புகை இருக்காது, ஆனால் கார்பன் மொனொக்சைட் இருக்கும்; இழுவை குறைந்த இளஞ்சூட்டு இரவில் அது அறைக்குள் வரலாம். நிறமோ மணமோ இல்லாத வாயு என்பதால் அதற்குரிய அலாரம் ஒன்று அந்த அறையில் கட்டாயம் வேண்டும். புகைபோக்கியில் திடீரென்று பெரும் இரைச்சலும் உச்சியில் பொறியும் கண்டால் காற்றையும் கதவையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றி 110ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, செங்கல் வெடித்துவிடும்.

எப்போது மூட்டுவது என்பதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. வெளியே குளிர் மிகுந்த விடியற்காலையில்தான் இழுவையும் நன்றாக இருக்கும், வீட்டுக்கும் சூடு தேவைப்படும். தெற்குப் பக்க யன்னல் உள்ள வீட்டில் பத்து மணிக்குப் பின் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மாலையில், வெளியே 5 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு மூட்டுங்கள்.

பருவத்தின் கடைசித் தீக்குப் பின்

குளிர்காலத்தில் அடியில் ஒரு சென்ரிமீற்றர் சாம்பலை விட்டுவைப்பது நல்லது. கோடையில் அதுவும் இருக்கக் கூடாது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே, மரச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சாம்பலுக்குள் புதைந்த தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். பலகைத் தாழ்வாரத்தில் வைத்த பிளாஸ்ரிக் வாளியால் வீடு எரிந்த கதைகள் உண்டு. ஆறிய சாம்பல் சுண்ணாம்புபோல் காரத்தன்மை உள்ளது. புல்தரைக்குத் தூவலாம், உருளைக்கிழங்குப் பாத்திக்கும் புளூபெரிக்கும் வேண்டாம்.

கதவின் ஓரத்தைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கயிற்று விளிம்பைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் கயிறு தேய்ந்துவிட்டது. அங்கே காற்று உட்புகுந்தால் தீயைக் கட்டுப்படுத்த முடியாது. அடுப்பின் உட்புறத் தட்டுகளில் கீறல் இருந்தால் பரவாயில்லை, துண்டு பெயர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மேலேயுள்ள தடுப்புத் தட்டின் முதுகில் சேர்ந்த கரியைத் தூரிகையால் தள்ளிவிடுங்கள். புகைபோக்கியைத் துடைப்பதும் பார்வையிடுவதும் நகரசபையின் வேலை. புதிய அடுப்பு பொருத்தியிருந்தால் நகரசபைக்கு அறிவிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

அடுத்த குளிருக்கான விறகுக்கும் இப்போதுதான் நேரம். இலை விடுவதற்கு முன் வெட்டிய மரத்தை ஏப்ரலுக்குள் பிளந்து அடுக்கிவிட்டால் ஒரே கோடையில் காயும். ஜூலையில் பிளந்தால் அந்த ஆண்டுக்கு நம்ப முடியாது. பேர்ச்சை முழு உருளையாக விடாதீர்கள்: பட்டை நீர் புகாதது, உள்ளே ஈரம் அடைபட்டு இற்றுப்போகும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்றடிக்கும் வெயில் பக்கத்தில் அடுக்கி, உச்சியை மட்டும் மூடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சணம்தான் விளையும். செப்டெம்பரில் ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உள்ளே அடுக்கலாம்.