ஐஸ்பெட்டியில் கடல்தண்ணீரும் ஊற்றுங்கள்

நண்பரோடு படகில் தூண்டில் போடப் போனால் ஐஸ்பெட்டியில் வெறும் ஐஸை நிரப்பாதீர்கள். நொறுக்கிய ஐஸ் இரண்டு பங்குக்குக் கடல்தண்ணீர் ஒரு பங்கு ஊற்றி, பிடித்த மீனை உடனே அதில் முக்கிவிடுங்கள். ஒருவர் தூண்டிலைப் பார்க்கட்டும், மற்றவர் செவுளை அறுத்து ரத்தம் வடித்துப் பெட்டியில் போடட்டும்.

ஐஸ் கட்டிகள் மீனை அங்கங்கேதான் தொடும், நடுவில் காற்று நிற்கும். தண்ணீரோ உடல் முழுக்கச் சூழ்ந்து சூட்டை வேகமாக இழுக்கும். உப்பு கலந்திருப்பதால் குளிர்ச்சி 0 டிகிரிக்கும் சற்றுக் கீழே இறங்கும். ஏப்ரல் 15-இல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வெயிலில் இது மிக முக்கியம். அதிலும் சூரை, கானாங்கெளுத்தி சூடேறினால், சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற பாதிப்பைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

துண்டு போட்ட மீனுக்கு இது ஆகாது, உப்புநீரை உறிஞ்சிவிடும். இரவு தாண்டி வைப்பதானால் தண்ணீரை வடித்துவிட்டு ஐஸில் மட்டும் அடுக்குங்கள். துறைமுகத்துக்குள் தண்ணீர் மொள்ளாதீர்கள், வெளிக்கடலில் எடுங்கள்.