துணைப் பாத்திரத்துக்குப் பின்கதை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மூலக்கதை பாதியில் கைவிட்ட ஒரு பாத்திரத்துக்குப் புதுத் தோற்றம் வரைந்து, பின்கதையும் (அதாவது கதைக்கு முன் அவன் வாழ்ந்த வாழ்க்கையும்) கொடுக்கிற ரசிகர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பலருக்கும் கை நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். உடற்கூறு, வண்ணப் பொருத்தம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை வரைய வரைய வந்துவிடும்.

மூலத்தில் இருப்பதைத் துடைத்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

புதிதாக வரையத் தொடங்கிய ஒருவர் தன் டிசைனைக் காட்டினார். மூலக்கதையில் இரண்டே காட்சிகளில் வரும் காவலாளி, வசனம் கிடையாது. ஆனால் இரண்டிலும் இடது கையில் மட்டும் உறை போட்டிருப்பான். அரசி கடந்து போகையில் மற்றவர்கள் தலைகுனிய, இவன் மட்டும் நிமிர்ந்தே நிற்பான். புதுப் படத்தில் அவனுக்குக் கறுப்புச் சிறகு, இரு நிறக் கண்கள், எரிந்துபோன அரண்மனை, கொல்லப்பட்ட பெற்றோர் என்று எல்லாம் இருந்தது. கையுறையைக் காணோம். கேட்டால், "டிசைனுக்கு ஒட்டலை, எடுத்துட்டேன்" என்கிறார்.

ஏன் ஒரு கையில் மட்டும் உறை? தீக்காயமா, அழிக்க முடியாத முத்திரையா? அரசிக்கு ஏன் வணங்கவில்லை? இரண்டு கேள்விக்கும் பொருந்தும் ஒரே பதிலைப் பிடித்தால் பாதிப் பின்கதை அதிலேயே கிடைத்துவிடும். அதைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது யாரோ ஒருவன். பெயர் மட்டும் பழையது. வாரக்கணக்கில் வரைந்த உழைப்பு, அந்தப் பாத்திரத்தை நேசிக்கிறவருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது.

பேட்மேன் கதைகளின் மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் அறிமுகமான, உறைய வைக்கும் துப்பாக்கி ஏந்திய சாதாரண வில்லன். 1992இல் அனிமேஷன் தொடருக்காக அவன் தோற்றம் புதிதாக வரையப்பட்டது. தீராத நோயால் உறைநிலையில் வைக்கப்பட்ட நோரா என்ற மனைவியும் கதைக்குள் வந்தாள். குளிர், கவச உடை, துப்பாக்கி மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். இன்றுவரை அவன் கதை என்றால் ரசிகர்கள் சொல்வது நோராவைத்தான்.

ஆகவே பென்சிலைத் தொடும் முன் அந்தப் பாத்திரம் வரும் எல்லாக் காட்சிகளையும் ஒரே தாளில் சேருங்கள். எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், கையில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துணைப் பாத்திரத்துக்கு ஒரு மாலை நேரம் போதும்.

சோகத்தைக் குவிப்பது

ஒரு இழப்பு போதும்.

அலங்காரம் அடுக்குவது

பெல்ட், சங்கிலி, தழும்பு, டாட்டூ எதுவானாலும், பின்கதையில் அது எப்போது வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

நாயகனின் தொலைந்துபோன தம்பியாக்குவது

வேண்டவே வேண்டாம்.

வயதைக் கணக்குப் போடாதது

20 வயதுப் படைத்தலைவனுக்கு 15 ஆண்டுப் போர் அனுபவம் எழுதிவிடுகிறார்கள். மூலக்கதையின் காலவரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சம்பவத்தின்போதும் அவனுக்கு என்ன வயது என்று எழுதிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.