பின்னல் ஊசி வாங்கும்போது மில்லிமீட்டரைப் பாருங்கள்

பின்னல் பழக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஏமாறுவது ஊசியின் எண்ணில்தான். 8ஆம் எண் ஊசி அமெரிக்க அளவில் 5 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் அளவில் அதுவே 4 மி.மீ. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும்! அதனால் மி.மீ. மட்டும் பார்த்து வாங்குங்கள். எத்தனை மி.மீ. தேவை என்று நூற்கண்டின் லேபிளிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும்.

அதை அப்படியே நம்பியும் இறங்கிவிடக் கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் இறுக்கம் வேறு. 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) விழுந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். லேபிளில் 22, உங்களுக்கு 24 என்றால் பின்னல் இறுகியிருக்கிறது, அரை மி.மீ. தடித்த ஊசிக்கு மாறுங்கள். ஒருமுறை சோம்பல்பட்டு இதைச் செய்யாமல் விட்டேன். அண்ணனுக்குப் பின்னிய ஸ்வெட்டர் அண்ணன் மகனுக்குப் போனது.

கை பழகும்வரை மூங்கில் ஊசி நல்லது, கண்ணி வழுக்கி ஓடாது. உலோக ஊசியின் வேகமெல்லாம் அப்புறம். போர்வை மாதிரி அகலமானவற்றுக்கு, நடுவில் வயர் வைத்த வட்ட ஊசிதான் சரி. பாரம் மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டுக்கு நோவில்லை.