சோளகக் காற்றும் அம்மம்மாவின் குரலும்

ஊடகக் கற்கை வகுப்புக்கு எடுத்த குறும்படத்தின் முக்கியமான காட்சி கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில், அம்மம்மா பேத்தியோடு கதைக்கிற இடம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற காலம். போனில் எடுத்ததைப் போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல், அவரின் குரல் அடியில் எங்கோ கிடந்தது. அந்தக் குரலுக்காகத்தான் நான் படமே எடுக்க நினைத்தேன். எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தங்களை வெட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தெளிந்தது, ஆனால் காற்று மைக்கில் நேரே மோதிச் சிதைந்த இடங்கள் அப்படியே இருந்தன.

சரி என்று திரும்பப் போனோம், விடியவே, காற்று எழும்ப முதல். இன்னொரு போனில் குரல்பதிவை ஓடவிட்டு, மைக் பக்கத்தில் மெல்லிய பஞ்சுத் துண்டு சுற்றி அம்மம்மாவின் மடியில் வைத்தோம் (சேலைக்குள் வைத்தால் துணி உரசும்). டேக் தொடங்க முதல் கமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு, அந்தச் சத்தத்தை வைத்தே படத்தையும் குரல்பதிவையும் பொருத்தலாம். போன் கமரா பல நேரம் பிரேம் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் என்பதால் நீளமான டேக்கில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகிப் போகும், ஆகவே சின்னச் சின்ன டேக்காக எடுங்கள். யாரும் கதைக்காத குளக்கட்டுச் சத்தத்தையும் கொஞ்ச நேரம் தனியாகப் பதியுங்கள், வெட்டுகளை மறைக்க அது நல்லாய் உதவும்.

வீட்டுக்குள் எடுத்ததில் ரியூப் லைற் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போக ஷட்டர் 1/50 செக்கன், பிரேம் செக்கனுக்கு 25 என்று வைத்ததும் நின்றது. உங்கள் கமராவில் அந்தத் தெரிவு இல்லாவிட்டால், ஷட்டரை மாற்ற விடுகிற ஆப் ஒன்றைப் போடுங்கள்.