தலைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு: மாத்திரை தொடங்கும்போது

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்து மூளையில் அடிபட்டவர், காயம் ஆறிய பின்னும் லயத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தால், சோம்பல் என்று ஏசாமல் மனநல கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு வந்ததா, மது அருந்துகிறாரா, வேறென்ன மருந்து எடுக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வதே மிக முக்கியம். ஏனெனில் புப்ரோபியோன் என்ற மனச்சோர்வு மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடும், பெரும்பாலும் முதலில் தரப்படும் சேர்ட்ரலீன் என்ற மனச்சோர்வு மாத்திரை அஸ்பிரினுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். அடிபட்ட மூளை மருந்தின் பக்கவிளைவுகளை எளிதில் தாங்காது என்பதால், சேர்ட்ரலீனை நாளுக்கு 25 மில்லிகிராம் போன்ற குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகவே கூட்டுவார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். மறதி உள்ளவருக்கு, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் வீட்டாரே மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டும். சுகம் கண்டதும் தாமாக நிறுத்த விடாதீர்கள். சாக வேண்டும் என்று அவர் சொன்னால் தனியே விடாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.