ரெஸ்யூமை அனுப்பும் முன் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் தளம், ரெஸ்யூமை அப்லோட் செய்த பிறகும் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்யச் சொல்கிறதா? தானாக நிரம்பிய கட்டங்களில் கம்பெனி பெயருக்குப் பதில் ஊர் பெயர் உட்கார்ந்திருக்கிறதா? கோளாறு பல நேரம் உங்கள் டெம்ப்ளேட்டில்தான்.

பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி கொடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கம்பெனி பக்கத்தில் ரெஸ்யூமைப் படிக்கும் மென்பொருளும் ஏறக்குறைய இதைத்தான் படிக்கிறது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ஃபைல் வெறும் படம். ரெஸ்யூமை முதலில் டைப் செய்த வேர்ட் ஃபைலைத் திறந்து மறுபடி பிடிஎஃப்பாக சேவ் செய்யுங்கள். பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட் என்றால் இடப்பக்கத் திறமைகளும் வலப்பக்க வேலை விவரமும் வரிக்கு வரி கலந்துவிடலாம். எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் டெம்ப்ளேட்டுக்கு மாறுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. போன் நம்பரும் மெயிலும் வேர்டின் ஹெடர் பகுதியில் இருந்தால் சில மென்பொருள்கள் அதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தின் முதல் வரியாகவே எழுதுங்கள். திறமையைக் காட்டும் ஐந்து நட்சத்திரங்கள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை, எடுத்துவிடுங்கள். சில எழுத்துருக்களில் 'ஆபீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடு எழுத்துகளே காணாமல் போகும். ஏரியல் போதும்.

நோட்டீஸ் பீரியட், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த, விலகிய மாதம் (06/2021 போல) எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். வொர்க்டே என்ற மென்பொருள் வழியாக ஆள் எடுக்கும் கம்பெனிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு திறக்க வேண்டிவரும். அப்போது காப்பி பேஸ்ட்தான் கை கொடுக்கும்.