பெல்ட் புல்லி பேரிங்: காரின் பெயரை விடுங்கள், நம்பரைப் பாருங்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் மாவு மில் ஓடுவது போல ஒரு இரைச்சல் வந்தால், நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் புல்லி, பிராக்கெட் எல்லாம் சேர்ந்த முழு டென்ஷனரைத்தான் (பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் பாகம்) நீட்டுவார்கள். உள்ளே கெட்டுப்போயிருப்பது பல சமயம் ஒரு சின்ன பேரிங்தான், அதுவும் நம் வயல் மோட்டாரிலும் ரைஸ் மில்லிலும் ஓடுகிற அதே ரக பேரிங்.

முதலில் சத்தம் பெல்ட்டா, பேரிங்கா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள் (தோளில் துண்டு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு). சத்தம் சட்டென்று மாறினால் பெல்ட், அப்படியே இருந்தால் அநேகமாக பேரிங். அப்புறம் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து பையில் போட்டுக்கொண்டு, சூடு ஆறியதும் பெல்ட் போகும் வழியை போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். படம் எடுக்காமல் கழற்றிவிட்டு, அது எந்தப் புல்லிக்கு மேலே போனது, எதற்குக் கீழே வந்தது என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று வந்தாலோ, அசைத்தால் ஆடினாலோ போய்விட்டது. ஒரு தட்டு தட்டினால் சைக்கிள் சக்கரம் மாதிரி நிற்காமல் சுற்றுகிறதா, அதைப் பார்த்து நல்லா இருக்கே என்று ஏமாறாதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் சீல் போட்ட நல்ல பேரிங் லேசாகப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும்.

நான் சொல்வது வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டின் ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டி சும்மா சுற்றுவது), டென்ஷனர் புல்லிகளுக்கு மட்டும். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் புல்லியில் இந்தச் சிக்கனமே வேண்டாம், அந்த பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும், அதற்குக் கம்பெனி செட்டையே போடுங்கள். வாட்டர் பம்ப் சத்தம் போட்டால் பம்பையே மாற்றுவதுதான் வழி. ஏசி கம்ப்ரஸர் புல்லியில் இருப்பது அகலமான இரட்டை வரிசை பேரிங், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஆனால் ஏசி கேஸை வெளியேற்றாமலே மாற்றலாம், ஏசி வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

புல்லியைக் கழற்றும்போது ஒன்று: சில வண்டிகளில் அந்த போல்ட் இடது மரை. இறுகிக்கொண்டே போனால் பலத்தைக் காட்டாமல் திசையை மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் புஷ், மேலே இருக்கும் தூசி மூடி இரண்டையும் பத்திரமாக வையுங்கள், அவை புது பேரிங்கோடு வராது. பிளாஸ்டிக் புல்லியில் பேரிங்கை வைத்தே வார்த்திருந்தாலும், தகடு புல்லியில் விளிம்பை மடித்து பேரிங்கை இறுக்கியிருந்தாலும் புல்லியோடுதான் மாற்ற வேண்டும்.

சரி, நம்பர். சீலின் மேலோ வளையத்தின் ஓரத்திலோ இருக்கும், துணியால் துடைத்தால் தெரியும். 6203 என்று இருந்தால் உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவட்டம் 40, அகலம் 12. 6202 என்றால் 15, 35, 11. கடைசி இரண்டு இலக்கம்தான் துளை அளவு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். நம்பர் அழிந்திருந்தால் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து மூன்று அளவையும் எடுங்கள். அகலத்தை விட்டுவிடாதீர்கள், 62203க்கும் அதே 17, 40தான், ஆனால் அகலம் 16. 12 போட்டுவிட்டு மிச்சத்துக்கு வாஷர் வைத்தால் பெல்ட் கோணலாக ஓடும்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் நான் ஏமாந்தேன். 2ஆர்எஸ் என்றால் இருபக்கமும் ரப்பர் சீல், என்எஸ்கே கம்பெனி பேரிங்கில் டிடியூ, என்டிஎன் கம்பெனியில் எல்எல்யூ என்று போட்டிருக்கும். இசட்இசட் என்றால் வெறும் தகர மூடி. கும்பகோணத்தில் ஒரு கடையில் 6203 என்று மட்டும் சொன்னேன், மோட்டாருக்கு என்று நினைத்து இசட்இசட் கொடுத்தார், நானும் மாட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையோரச் சேற்றில் ஓட்டி ஓட்டி, கார்த்திகை முடிவதற்குள் மறுபடி மாவு மில். பழையதில் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் வேகமாகச் சுற்றும்போது விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட ரகம் அது.

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரிலும் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரைக் கேளுங்கள், நல்ல பேரிங் கடை எது என்று அவருக்குத் தெரியும், பல நேரம் பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரும் அழுத்தி மாட்டும் பிரஸ்ஸும் அவரிடமே இருக்கும். தை, மாசியில் போனால் அறுவடை மெஷின்காரர்கள் கூட்டம் நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள். எஸ்கேஎஃப், என்பிசி, என்எஸ்கே எது கிடைத்தாலும் சரி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் பில்லோடு வாங்குங்கள். போலிகள் நிறைய.

மாட்டும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பழைய பேரிங்கையே மேலே வைத்து வைஸில் மெதுவாக இறுக்கலாம். உள்வளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங் அன்றைக்கே கத்தும். கையால் தள்ளினாலே உள்ளே போய்விட்டால் புல்லியின் துளை தேய்ந்திருக்கிறது, புல்லியை மாற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் நம்பரை எழுத்து விடாமல் மார்க்கரால் பானட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள், அடுத்த முறை கழற்றுவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.